பனங்கிழங்கும் என் கடைவாய்ப் பற்களும்

இன்று காலை கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு பெண் குண்டானின் மூடியைத் திறந்தாள். மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்த பனங்கிழங்கின் ஆவி குப்பென்று முகத்தில் அடித்தது. என் கை தானாக வயிற்றைத் தடவியது. வாய் தானாகச் சிரித்தது.

"இன்னா சார், ஒரு கட்டு போடட்டா?" என்றாள்.

"வேணாம்மா. எனக்கு டாக்டர் தடை போட்டுக்கிறாங்க."

"பனங்கிழங்குக்கா? சக்கரைக்காரங்களே துன்றாங்க சார்."

அவளுக்கு எங்கே ஆரம்பித்து எப்படிச் சொல்வது? கம்பெனி பஸ் வந்துவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகும் சிரிப்பு அடங்கவில்லை. இந்தச் சிரிப்பைப் பங்கு போட்டுக்கொள்ள இந்த ஊரில் ஒரே ஓர் ஆள்தான் இருந்தான். அதனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். நீ போய் இரண்டு தை கழிந்துவிட்டன.

நாம் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். தண்ணீர் பம்புக்கு உதிரி பாகம் கடைகிற இந்தக் கம்பெனியில் உனக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து லேத் மெஷின். நீ ஆரம்பாக்கத்துப் பக்கம், ஆந்திர எல்லைக்காரன். வாயைத் திறந்தால் 'நைனா'. ஊரில் உனக்குக் கொஞ்சம் நெல் நிலம் இருந்தது, வரப்பெல்லாம் பனைமரம் நின்றது. நான் மீஞ்சூர்க்காரன். என் அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது இரும்புத் தூளும் கம்பெனி டீயும்தான். அது போதுமானதாக இருந்தது.

என் பல்லைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சோடா மூடியைப் பல்லால் திறப்பவன் என்று கம்பெனி முழுக்க எனக்குப் பெயர். பொங்கல் விழாவில் கரும்பு கடிக்கும் போட்டி வைத்தால் மற்றவர்கள் இரண்டாம் பரிசுக்குத்தான் போட்டி போடுவார்கள். அப்படிப்பட்ட வாயில் ஈறு அழுகி, மேலும் கீழும் கடைவாய்ப் பற்கள் ஆடத் தொடங்கின. பொன்னேரியில் பல் டாக்டரிடம் என்னைக் கூட்டிப் போனவன் நீ. இரண்டு மூன்று தடவையாக அத்தனை கடைவாய்ப் பற்களையும் பிடுங்கிவிட்டார். என் மகள் கல்யாணத்துக்குள் பல் செட் கட்டித் தருவதாகவும், அதுவரை குழைந்த சோறு, கஞ்சி என்று மெத்தென்றதாகச் சாப்பிடும்படியும் சொன்னார்.

வெளியே வந்ததும் நான் உன்னிடம் சத்தியம் வாங்கினேன். வீட்டில் ஒரு பல் என்றுதான் சொல்லியிருந்தேன். கம்பெனியில் அதுவும் இல்லை.

"ஒரு பயலுக்கும் தெரியக் கூடாதுடா. சம்பந்தி ஊட்டுக்குத் தெரிஞ்சா, பொண்ணோட அப்பன் கிழவன்னு சொல்லுவாங்க."

"என் பொண்டாட்டி மேல சத்தியம் நைனா" என்றாய். பிறகு கொஞ்சம் யோசித்து, "அவ மேல வேணாம், அவளுக்குத் தெரிஞ்சா பேஜாராயிடும். என் லேத்து மேல சத்தியம்" என்றாய்.

அந்தத் தையில் உன் பாத்தியில் கிழங்கு நன்றாக விழுந்திருந்தது. தினமும் ஒரு கட்டு வேகவைத்துக் கொண்டுவந்தாய். வீட்டில் குழைந்த சோறு தின்று தின்று நாக்கு செத்துப் போயிருந்த எனக்கு அதைப் பார்த்தால் கை நிற்காது. முன்பல்லால் துண்டு துண்டாகக் கடிப்பேன், அப்படியே விழுங்குவேன். "மென்னு துன்னுடா. இல்லாங்காட்டி கொண்டா, நசுக்கித் தரேன்" என்று நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. நசுக்கித் தின்றால் மற்றவர்கள் கவனிப்பார்கள். எனக்குக் கௌரவம் முக்கியம். ஏழெட்டு நாளில் எத்தனை கிழங்கு உள்ளே போனது என்று எனக்கே தெரியாது.

ஒரு வியாழக்கிழமை, மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது தொப்புளைச் சுற்றி முறுக்கியது. வந்து வந்து போன வலி மதியத்துக்குள் போகாமலே வரத் தொடங்கியது. தின்றதெல்லாம் வாந்தியாக வந்தது, அதன் பின் பச்சைப் பித்தநீர். வயிறு உப்பி இறுகியது. கீழே காற்றுக்கூடப் போகவில்லை. வாய்வு என்று சொல்லி மாத்திரை கேட்டேன். நீ என் வயிற்றில் விரலை வைத்துத் தட்டிப் பார்த்தாய்.

"இன்னாடா இது, லாரி டயர் மாதிரி கீது. நட, ஆஸ்பத்திரிக்கு."

பொன்னேரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, குடல் அடைப்பு, உடனே திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் ஒவ்வொரு பள்ளத்தில் விழுந்து எழும்போதும் நான் அலறினேன். "டிரைவர் அண்ணே, பாத்து. உள்ள இருக்கறது மாப்பிள்ளைக்கு மாமனாரு" என்று நீ கெஞ்சியதும் அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்ததும் ஞாபகம் இருக்கிறது.

திருவள்ளூரில் என்னைப் பார்த்தவர் ஒரு பெண் சர்ஜன். நாற்பது வயதுக்குள் இருக்கும், அதட்டாத குரல். என் வயிற்றின் நடுவில் மேலிருந்து கீழாக ஓடும் பழைய தழும்பைப் பார்த்தார். இளவயதில் இரைப்பைப் புண் வெடித்து, ஆபரேஷனில் இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தது என்று சொன்னேன்.

"ஒருமுறை வயிறு திறந்தவங்களுக்கு உள்ளே குடல் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அடைப்புன்னா பெரும்பாலும் அதுதான் காரணம். பல பேருக்குக் கத்தி வைக்காமலேயே சரியாயிடும். ஒண்ணு ரெண்டு நாள் குடலுக்கு ஓய்வு கொடுத்துப் பார்க்கலாம்" என்றார். மூக்கு வழியாக இரைப்பைக்கு ஒரு குழாய் போட்டார்கள். கையில் குளுக்கோஸ் ஏறியது. வாய்க்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது.

"கடைசி ஒரு வாரம் என்னென்ன சாப்பிட்டீங்க?" என்று அவர் கேட்டார். என் மனைவி கட்டில் அருகில் நின்றாள். "வழக்கம் போலத்தான். நாஷ்டாவுக்கு இட்லி, மதியம் குழைஞ்ச சோறு" என்றேன். அந்த இடத்தில் நான் பொய் சொன்னேன். கிழங்கைச் சொன்னால் பல்லைச் சொல்ல வேண்டும். பல் டாக்டர் சொன்னதை மீறியதைச் சொல்ல வேண்டும். குடல் அடைப்புக்கும் கிழங்குக்கும் என்ன சம்பந்தம் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். நீ அப்போது மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே போயிருந்தாய்.

இரண்டு நாள் போனது. அடைப்பு விடவில்லை. சனிக்கிழமை காலையில் ஸ்கேன் எடுத்தார்கள். படத்தைப் பார்த்துவிட்டு வந்த டாக்டரின் முகம் மாறியிருந்தது. சிறுகுடல் முடியும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஏதோ ஒன்று அடைத்துக்கொண்டு நிற்கிறது என்றார். ஒட்டியதுபோல் தெரியவில்லை, கட்டியாக இருக்குமோ என்றும் பார்க்க வேண்டும், திறந்து பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார்.

கட்டி. அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு என் மனைவிக்கு எதுவும் காதில் விழவில்லை. மகள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். செவ்வாப்பேட்டையிலிருந்து சம்பந்தியும் அவர் மனைவியும் அப்போதுதான் பழத்தோடு வந்து நின்றார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வைகாசியில் கல்யாணம். அதுவரை இருப்பேனா என்று மனம் நாள் எண்ணத் தொடங்கிவிட்டது.

நீ அரை ஷிப்டு முடித்து நேராக வார்டுக்கு வந்தாய். தோளில் சாப்பாட்டுப் பை. எல்லோரும் அழுவதைப் பார்த்துவிட்டு டாக்டரிடம் போனாய்.

"கட்டின்னா எப்பிடி டாக்டர் இருக்கு?"

உன்னைத் தள்ளிவிடாமல் அவர் பதில் சொன்னதற்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன். "அதுதான் கொஞ்சம் விசித்திரமா இருக்கு. சதை மாதிரி இல்ல. நார் நாரா, நடுவுல காத்துக் குமிழி. எதையோ திரிச்சு உருட்டி வச்ச மாதிரி இருக்கு."

நீ என்னைப் பார்த்தாய். சொல்லாதே சொல்லாதே என்று நான் கண்ணால் கெஞ்சினேன். உன் உதடு துடித்தது. முதலில் அழப் போகிறாய் என்றுதான் நினைத்தேன். அப்புறம் நீ சிரித்துவிட்டாய். வார்டே திரும்பிப் பார்த்தது.

"டாக்டர், அது கட்டி இல்ல. அது எங்க வரப்புல வளந்தது!"

பையிலிருந்து ஒரு பனங்கிழங்கை எடுத்து அவர் கையில் கொடுத்தாய். அவர் அதைப் புரட்டிப் பார்த்தார். பிறகு இரண்டாக ஒடித்தார். ஒடிந்த இடத்தில் நார் பிரிந்து தொங்கியது. ஒரு துண்டைக் கடித்து, மென்று, வாயிலிருந்து நாரை இழுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"எவ்வளவு சாப்பிட்டார்?"

"தினம் ஒரு கட்டு, ஏழெட்டு நாளு. மெல்லாம முழுங்கினாரு. மெல்றதுக்குப் பல்லு இல்ல டாக்டர். நாந்தான் கூட்டிக்கினு போய்ப் புடுங்கினு வந்தேன்."

டாக்டர் என் பக்கம் குனிந்தார். "வாயைத் திறங்க."

மூக்கில் குழாயோடு, மனைவி, மகள், சம்பந்தி, சம்பந்தி அம்மா, பக்கத்துக் கட்டில்காரர், இரண்டு நர்ஸுகள் எல்லோர் முன்னிலையிலும் நான் வாயைத் திறந்தேன். டார்ச் வெளிச்சம் உள்ளே போனது. ஒளிக்க ஒன்றும் மிச்சமில்லை.

"ஒரு பல்லுன்னு தானேய்யா சொன்ன!" என்று என் மனைவி கத்தினாள். அழுகை நின்று போயிருந்தது. சம்பந்தி இருமுவது போல முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

டாக்டர் நிமிர்ந்து எங்கள் எல்லோருக்கும் சேர்த்துச் சொன்னார். பழைய ஆபரேஷனால் என் இரைப்பையில் அமிலம் குறைவு. பெரிய துண்டுகளை நிறுத்தி அரைக்கிற வேலையும் அங்கே சரியாக நடப்பதில்லை. அதற்கு மேல் மெல்லாமல் விழுங்கிய நார். அது ஒன்றோடொன்று பின்னி, பந்தாகி, குறுகலான இடத்தில் போய்ச் சிக்கியிருக்கிறது. அபூர்வமாக வருகிற அடைப்பு இது, படித்திருக்கிறேன், இப்படி ஒன்றை நேரில் பார்ப்பது முதல்முறை என்றார். "இது நாரா இருந்தா தானா இறங்கும்னு காத்திருக்கிறதுல அர்த்தமில்ல. இன்னிக்கே எடுத்துடலாம். குடல் கறுக்கறதுக்கு முன்னாடி."

ஸ்ட்ரெச்சரைத் தள்ளும்போது உன்னிடம், "லேத்து மேல சத்தியம் பண்ணியேடா" என்றேன்.

"லேத்து போனா வேற லேத்து" என்றாய். 

சாயங்காலம் ஆபரேஷன் முடிந்தது. கண் விழித்ததும் டாக்டர் சொன்னதை அரை மயக்கத்தில் கேட்டேன். முதலில் வயிற்றைத் திறந்து, குடலுக்கு வெளியிலிருந்தே விரலால் நீவி, பந்தைப் பெருங்குடல் பக்கம் தள்ளிப் பார்த்தாராம். அது அசையவில்லை. பிறகு குடலில் சின்னதாக ஒரு கீறல் போட்டு வெளியே எடுத்து, கீறலைத் தைத்துவிட்டார்கள். குடல் நல்ல நிறத்தோடு இருந்தது, வெட்டி எறிய வேண்டியிருக்கவில்லை. பந்தை ஒரு தட்டில் வைத்து என் மனைவிக்கும் உனக்கும் காட்டினார்களாம். பெரிய எலுமிச்சை அளவு, பழுப்பு நிறம், தேங்காய் நார் உருண்டை மாதிரி. "ஊட்டுக்கு எடுத்துக்கினு போலாமா டாக்டர்?" என்று நீ கேட்டதாகவும், பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று அவர் மறுத்ததாகவும் என் மனைவி சொன்னாள். பரிசோதனையிலும் வெறும் தாவர நார் என்றே வந்தது.

அதற்குப் பிறகு நடந்த கூத்தை நினைத்தால் இப்போதும் தையல் போட்ட இடம் இழுக்கிறது. குடல் மறுபடி வேலை செய்யத் தொடங்கிவிட்டதா என்று தெரிய ஒரே அடையாளம், காற்றுப் பிரிவது. டாக்டர் தினமும் காலையில் கேட்பார்: "பிரிஞ்சுதா?" இல்லை என்று தலையாட்டுவேன். நர்ஸ் கேட்பார். கூட்டிப் பெருக்க வருகிற அம்மா கேட்பார். சம்பந்தி போனில் கேட்டார். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு மனிதனிடம் ஊரே இதைக் கேட்கும் என்று யார் நினைத்தார்கள்?

மூன்றாம் நாள் காலை, நீ கட்டிலோரம் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தபோது அது நடந்தது. சந்தேகத்துக்கே இடமில்லாமல் நடந்தது. நீ பேப்பரைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றாய். வெளியே ஓடிப்போய்க் கம்பெனிக்குப் போன் செய்து, நம் ஷிப்டு சங்கை மனதில் வைத்துக்கொண்டு, "நைனா, சங்கு ஊதிடுச்சு!" என்று கத்திவிட்டு வைத்துவிட்டாய்.

சூப்பர்வைசர் வேறு எதை நினைப்பார்? மதியம் நம் லைனிலிருந்து நாலு பேர் சட்டையில் கறுப்புத் துணி குத்திக்கொண்டு, பெரிய ரோஜா மாலையோடு வார்டு வாசலில் வந்து நின்றார்கள். நான் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து முதல் வாய் இளநீர் குடித்துக்கொண்டிருந்தேன். ஒருவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். நீதான் மாலையை வாங்கி என் கழுத்தில் போட்டாய். "வாங்கினது வாங்கியாச்சு, வீணாக்கக் கூடாது." தையல் பிரிந்துவிடும், சிரிக்காதீர்கள் என்று நர்ஸ் அதட்டினார். அவருக்கே சிரிப்பு அடங்கவில்லை.

ஆனால் அடுத்த இரண்டு நாள் நீ வரவில்லை. ஷிப்டு என்று நினைத்தேன். உன் மனைவி என்னைப் பார்க்க வந்தபோதுதான் தெரிந்தது. பாத்தியில் மிச்சமிருந்த கிழங்கு அத்தனையையும் மண்வெட்டியால் கொத்திப் போட்டுவிட்டு, சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாய் என்றாள். "அவன என் கையாலயே கொன்னுக்கினு இருந்தேனே" என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாயாம். இவ்வளவு சிரித்தவனுக்குள் இது ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவே இல்லை.

ஆள் அனுப்பி உன்னை வரவழைத்தேன். நீ என் முகத்தைப் பார்க்காமல் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

"நீ குடுத்தது கிழங்கு. மெல்லாம துன்னது நானு. மறைச்சது நானு. நீ வாயத் தொறக்கலைன்னா நான் இன்னும் பொய் சொல்லிக்கினுதான் இருந்திருப்பேன்."

"கோவம் இல்லியே நைனா?"

"இருக்கு. சம்பந்தி முன்னால சொன்னியே, அதுக்கு இருக்கு."

அப்போதுதான் நீ என்னைப் பார்த்தாய். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தாளுக்கே பாதி பல்லு கட்டினதுதான். அன்னிக்கு வெளிய வந்து என்னாண்ட காமிச்சாரு" என்றாய்.

இன்னொரு கூத்தும் மிச்சமிருந்தது. ஆபரேஷனின்போது டாக்டர் என் இரைப்பையையும் தடவிப் பார்த்திருக்கிறார். அங்கேயும் சின்னதாக, மெத்தென்று ஓர் உருண்டை. அதற்காக இரைப்பையையும் கிழிக்க வேண்டாம் என்று விட்டுவைத்தவர், தையல் ஆறிய பிறகு குழாய்க் கேமரா விட்டுப் பார்த்து, கடையில் விற்கிற கறுப்புக் கூல்டிரிங்க்ஸைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொன்னார். நார் உருண்டையை அது இளக்கிவிடுமாம். நாம் நம்பவில்லை. "கூட வந்தவங்களுக்கும் உண்டா டாக்டர்?" என்று கேட்டாய். அவர் முறைத்தார். சில நாளில் உருண்டை இளகியது, மிச்சத்தைக் கேமரா குழாயாலேயே உடைத்துவிட்டார்கள். வைகாசியில் புதுப் பல் செட்டோடு மகளைத் தாரை வார்த்துக் கொடுத்தேன். பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்து, நான் ஒவ்வொரு வாயையும் எத்தனை தடவை மெல்கிறேன் என்று நீ சத்தமாக எண்ணினாய்.

எல்லாம் சொன்னேன். ஒன்றே ஒன்றுக்கு நீ எனக்குப் பதில் சொல்லியாக வேண்டும். என் ரகசியத்தை ஊர் அறியச் சொன்ன நீ, உன் நெஞ்சில் வந்து வந்து போன வலியை மட்டும் ஏன் யாரிடமும் சொல்லவில்லை? வாய்வு என்று சொல்லி ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாயாம். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் மனைவி எனக்குப் போன் செய்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சொல்லியிருந்தால், நான் உன் வீட்டு வாசலில் நின்று கத்தியிருப்பேன்டா.

அதனால் இப்போது கத்துகிறேன். நம் லைனில் யார் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கூடப் போகிறேன். போகிற வழியிலேயே கேட்டுவிடுவேன்: "டாக்டராண்ட இன்னாத்த மறைக்கப் போற?" குடிக்கிறதைச் சொல்லாதவன் உண்டு. நாட்டு மருந்து தின்றதைச் சொல்லாதவன் உண்டு. அவர்கள் சொல்லாவிட்டால் நான் சொல்லிவிடுகிறேன்.

உன் லேத்தில் இப்போது வேலை செய்கிறவன் போன மாதம் வேர்த்துப் போய் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாய்வு என்றான். அந்த வார்த்தையைக் கேட்டதும் என் மெஷினை நிறுத்தினேன். மூன்று வாரமாக மாடிப்படி ஏறும்போது நெஞ்சு வலிக்கிறது என்று முந்தைய நாள்தான் என்னிடம் சொல்லியிருந்தான். வேலை போய்விடும் என்று பயந்து, யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தான். நான் அவனைப் பிடித்துக்கொண்டு கம்பெனி மருத்துவ அறைக்குப் போய், எல்லோர் முன்னாலும் உரக்கச் சொன்னேன். அன்றைக்கே இதயக் குழாயில் அடைப்பு என்று கண்டுபிடித்து ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். வேலையும் போகவில்லை.

ஆனால் அவன் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. நேற்றுக்கூட டீ குடிக்கும் இடத்தில், நான் ஓட்டை வாயன், என்னிடம் ஒன்றையும் சொல்லக் கூடாது என்று நாலு பேரிடம் திட்டிக்கொண்டிருந்தான். நான் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே டீயைக் குடித்தேன். நல்ல கணீரென்ற குரல் அவனுக்கு. திட்டட்டும்.